பைப் ஆர்கனும் பதினெட்டு டிகிரியும்

புதன்கிழமை காலை 6.40. ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷன். வெளியே நான்கு டிகிரி. என் உடம்பில் இரண்டு பனியன், முழுக்கைச் சட்டை, மகள் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர், மருமகனின் பழைய கோட்டு, தலையில் குரங்குக் குல்லாய். கோயம்புத்தூரில் இந்தக் கோலத்தில் தெருவில் இறங்கினால் நாய் துரத்தும். லண்டனில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவே எனக்கு அன்றைய முதல் அதிர்ச்சி. அதைவிடப் பெரியவை வரிசையில் நின்றுகொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது.

லண்டனுக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. பாலம், அரண்மனை, கடிகாரம் எல்லாம் முதல் வாரத்திலேயே பார்த்து முடித்தாயிற்று. மகள் சுதாவும் மருமகனும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டியை நரி கிளறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படி இருந்தவனைத்தான் செவ்வாய்க்கிழமை மாலை பக்கத்து வீட்டு வதனி தேடி வந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஆறு வயதில் பெற்றோரோடு அகதியாக இங்கே வந்தவர். இப்போது நாற்பத்திரண்டு வயது. ஏதோ ஆபீசில் வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"அங்கிள், ஒரு நாள் முழுக்க ஒரே இடத்தில அசையாமல் இருக்க உங்களுக்கு ஏலுமோ?" என்று கேட்டார்.

"அக்கா, அப்பா அஞ்சு வாரமா அதைத்தான் பண்ணிட்டிருக்கார்" என்றாள் சுதா.

விஷயம் இதுதான். வதனிக்குப் பைப் ஆர்கன்களைப் பழுதுபார்க்கும் ஒரு சிறிய பட்டறையில் வேலை. நமக்கு ஆர்மோனியம் தெரியும். துருத்திக் காற்று பித்தளை நாக்கில் பட்டு ஒலி வருகிறது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனிக் குழாய் நட்டு, அத்தனையையும் ஒரு வீடளவு மரப்பெட்டிக்குள் அடைத்து, பேய்க்காற்று ஊதினால் அது பைப் ஆர்கன். வால்தம்ஸ்டோவைத் தாண்டி ஒரு பழைய கச்சேரி மண்டபத்தில் அப்படி ஒன்று பல வருஷம் ஊமையாகக் கிடந்ததாம். கழற்றி, தோல் மாற்றி, மறுபடி பூட்டிவிட்டார்கள். மிச்சம் சுருதி சேர்ப்பதுதான்.

பன்னிரண்டு வருஷம் தோல் ஒட்டும் மேசையில் இருந்த வதனிக்கு முதல்முறையாக ஒரு மண்டப ஆர்கனின் சுருதி வேலையைத் தனியாகக் கொடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மண்டபத்தின் ஆலோசகர் வந்து கேட்பார். அவருக்குத் திருப்தி என்றால் வதனி இனிச் சுருதிக்காரர். இல்லையென்றால் ஓய்வில் இருக்கும் பழைய சுருதிக்காரரைக் கூப்பிடுவார்கள், வதனி திரும்பவும் பசைச் சட்டிக்குப் போகவேண்டியதுதான். இந்த நேரம் பார்த்து அவருக்குக் கட்டை பிடிக்கும் உதவியாளர் காய்ச்சலில் விழுந்துவிட்டார்.

"சங்கீதம் ஒண்டும் தெரியத் தேவையில்லை. நான் உள்ளுக்க இருந்து 'அடுத்தது' எண்டு சொல்லுவன். நீங்கள் அடுத்த கட்டையை அமத்திப் பிடிச்சுக்கொண்டிருந்தாச் சரி. மணித்தியாலத்துக்கு ஒருக்கா தெர்மாமீட்டரைப் பாத்து எழுத வேணும். அவ்வளவுதான்."

தெர்மாமீட்டர் என்றதும் எனக்கு மீசை துடித்தது. நான் முப்பத்தொரு வருஷம் கோவையில் ஒரு நூல் மில்லில் ஈரப்பதப் பிரிவின் சூபர்வைசர். சூடும் ஈரமும் கொஞ்சம் தப்பினால் நூல் பட்பட்டென்று அறும். மணிக்கொருமுறை அளவு பார்த்து நோட்டில் எழுதுவது என் ராஜ்யத்தின் சட்டம். ஒருமுறை பழனிச்சாமி என்ற ஆபரேட்டர் ஏணி ஏறிப் பார்க்காமலேயே மூன்று மணி நேரத்துக்கும் ஒரே எண்ணை எழுதிவைத்திருந்தான். மெமோ கொடுத்து ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தேன். இந்தக் கதையை வதனிக்கும் சொன்னேன்.

"அதெல்லாம் என்கிட்ட விட்டுரு அம்மிணி" என்றேன்.

"ஓம். அதாலதான் உங்களைக் கேக்கிறன்" என்று சிரித்தார்.

வதனியின் வேனில் எனக்கு இடமில்லை. பக்கத்து சீட்டில் பழுது பார்த்த குழாய்கள் இரண்டு பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தன. ஆகவே நான் ரயிலில். பிக்காடிலி லைனில் ஃபின்ஸ்பரி பார்க் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே இறங்கி எதிர் பிளாட்பாரத்தில் விக்டோரியா லைன் பிடித்தால் பத்து நிமிஷத்தில் வால்தம்ஸ்டோ சென்ட்ரல். ரயிலுக்கு எவ்வளவு பிடித்தது என்று தெரியாது. சுதா தன் கார்டைக் கொடுத்து, "ரூபாயில பெருக்கிப் பாக்காதீங்கப்பா" என்று சொல்லியிருந்தாள். ஸ்டேஷன் வாசலில் டீ இரண்டு பவுண்ட் எண்பது. பெருக்கிப் பார்த்தேன். டீ கசந்தது.

அங்கிருந்து பஸ், ஒரு பவுண்ட் எழுபத்தைந்து. மகளுக்குப் போன் செய்து தமிழில் கத்திக்கொண்டே ஏறியதால் டிரைவர் என்னைப் பார்த்து, "எங்க இறங்கப் போறியள் அண்ணை?" என்று கேட்டார். மண்டபத்தின் பெயரைச் சொன்னேன்.

"அங்கயோ? மகளின்ர பள்ளிக்கூட விழா அங்கதான் நடந்தது. மேடைக்குப் பின்னால பெரிய பெரிய குழாய் நிக்குமே. நான் அது சும்மா சோடினை, அலங்காரம் எண்டெல்லோ நினைச்சன்."

"இல்லீங்க, அத்தனையும் வாசிக்கிறதுங்க" என்று பெரிய நிபுணன் மாதிரி சொன்னேன். எனக்கே முந்தின நாள் மாலைதான் தெரியும்.

8.25க்கு மண்டபத்துக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மேடைக்குப் பின்னால் தரையிலிருந்து கூரைவரை குழாய்கள். தங்கப்பூச்சு, ஆள் உயரம், இரண்டாள் உயரம், பனைமர உயரம். என் மில்லில் எத்தனையோ பெரிய யந்திரங்களைப் பார்த்திருக்கிறேன். அவை எல்லாம் சம்பாதிப்பதற்காக இருந்தவை. வெறும் பாட்டுக்காக மனிதன் இவ்வளவு பெரிதாக ஒன்றைக் கட்டுவான் என்று நான் நினைத்ததே இல்லை.

வதனி ஏற்கெனவே வந்திருந்தார். "முன்னால நிக்கிறதில பாதி ஊமை, அங்கிள். வடிவுக்கு வச்சது. வேலை செய்யிறதெல்லாம் உள்ளுக்க" என்றார். பஸ் டிரைவர் பாதிக்குப் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. அதன் வழியே குனிந்து உள்ளே போனோம். இசைக்கருவிக்குள் மனிதன் நடந்து போகிறான் என்றால் ஊரில் யார் நம்புவார்கள்? உள்ளே நடைபாதை, கைப்பிடி, மாடி. ஒரு மரக்குழாய் எங்கள் வீட்டு பீரோவைவிடப் பெரியது. இன்னொன்று பென்சில் நீளம்தான். கீழே காற்று நிரம்பிய பெரிய துருத்திகள். அவற்றின் மடிப்புகளில் வெள்ளையாகப் புதுத் தோல், ஒரு சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது. எல்லாம் வதனி கை வேலை. தடவிப் பார்த்துவிட்டு என்ன பசை என்று கேட்டேன்.

"மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை."

நான் சைவம். கையை மெதுவாகக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கடையில் எத்தனையோ நல்ல பசை விற்கிறதே என்று கேட்டதற்கு, "அதுகளைப் போட்டால் பிறகு கழட்ட ஏலாது. இதைச் சுடுதண்ணி வச்சுக் கழட்டலாம். எனக்குப் பிறகு வாற ஆளுக்கும் வழி விடோணுமெல்லோ" என்றார். அந்த ஆள் இன்னும் பிறந்திருக்கவே மாட்டான். அவனுக்காக இப்போதே ஒருத்தி யோசித்து வைத்திருக்கிறாள் என்பது என்னை என்னவோ செய்தது.

என் இடம் ஆர்கனின் அடிவயிற்றில். மூன்று அடுக்காகக் கட்டைகள், எதிரே பலகை இருக்கை. வேலைக்காகக் காலடிப் பலகையைக் கழற்றியிருந்ததால் முழங்காலுக்கு எதிரே ஒரு பெரிய ஓட்டை. அதற்குள் பார்த்தால் மேலே வரிசை வரிசையாகக் குழாய்கள் தெரிந்தன. பக்கத்தில் இரண்டு நோட்டுகள். ஒன்று புதியது. மற்றது பெட்டிக்குள்ளேயே கிடைத்த மிகப் பழைய நோட்டு, ஓரமெல்லாம் எலி தின்றது. தேதி, நேரம், வெப்பநிலை, யார் பார்த்தது. அதில் ஒரு பக்கத்தில் ஐம்பத்திரண்டு என்று இருந்தது. பாரன்ஹீட். கணக்குப் போட்டால் பதினொரு டிகிரி. பக்கத்தில் அளவு பார்த்த மனிதன் தன் விரல் மரத்துப்போனதாகவும் எழுதியிருந்தான்.

"ஏன் அம்மிணி, வெப்பநிலைக்கு இவ்வளவு மரியாதை?"

வதனி விளக்கினார். ஆர்கனில் இரண்டு சாதிக் குழாய்கள். ஒன்று புல்லாங்குழல் மாதிரி, வெறும் காற்றால் பாடுவது. சூடு ஏறினால் அதன் சுருதியும் ஏறும். மற்றது ஆர்மோனியம் மாதிரி பித்தளை நாக்கு வைத்தது. ட்ரம்பெட் என்று பெயர். சூட்டுக்கு அது அவ்வளவாக அசையாது. கச்சேரி நாளில் மண்டபம் பதினெட்டு டிகிரியில் இருக்கும். ஆகவே பதினெட்டில் வைத்துத்தான் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். புல்லாங்குழல் வரிசைகள் முந்தின நாளே முடிந்துவிட்டன. இன்று ட்ரம்பெட்டை அவற்றோடு சேர்க்க வேண்டும். தெர்மாமீட்டர் பெட்டிக்குள் மறு ஓரத்தில், எட்டுப் படி ஏணிக்கு மேலே தொங்கியது. சுருதிக்காரரின் உடம்புச் சூடு பட்டால் அளவு தப்பும் என்பதால் கட்டை பிடிப்பவர்தான் போய்ப் பார்க்க வேண்டுமாம்.

"மண்டபத்தின்ர ஹீட்டிங்கைச் சரியாப் பதினெட்டில வச்சிருக்கு. எந்த ஸ்விட்சையும் தொட்டுப்போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு ஒரு சிறு கத்தியும் டார்ச்சுமாக மேலே ஏறிப்போனார்.

9.00. ஏணியேறிப் பார்த்தேன். பதினெட்டு. எழுதினேன்.

முதல் கட்டையை அமுக்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், யாரோ என் முதுகில் அறைந்ததுபோல் இருந்தது. சத்தம் காதில் கேட்கவில்லை, பலகை வழியாக இடுப்பில் ஏறியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பயந்து கையை எடுத்துவிட்டேன்.

"எடுக்காதேங்கோ அங்கிள். நான் சொல்லும்வரைக்கும் பிடிச்சுக்கொண்டிருங்கோ" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதன்பின் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வேலை பிடிபட்டது. இரண்டு குழாயும் சேராதபோது ஓங், ஓங், ஓங் என்று ஒரு அலை அடிக்கும். ஒரே ஷெட்டில் இரண்டு மோட்டார் கொஞ்சம் வேகம் மாறி ஓடினால் கேட்கும் அதே அலை. வதனி உள்ளே நாக்கின் கம்பியை மெல்லத் தட்டத் தட்ட அலை நிதானமாகும், நீளும், பிறகு நின்றுவிடும். அப்போது சத்தம் ஒற்றைக் கோடாக நிற்கும். "அடுத்தது" என்று குரல் வரும். நூல் அறாமல் ஓடுகிற மாதிரி ஒரு நிம்மதி எனக்கு.

10.00. மறுபடி ஏணி. பதினெட்டு. இறங்கும்போது வலது முட்டி கடகடவென்றது. அதோடு குளிர். பதினெட்டு டிகிரி ஆங்கிலேயனுக்குக் கோடை. அசையாமல் உட்கார்ந்திருக்கும் கோயம்புத்தூர்க்காரனுக்கு அது மார்கழி விடியற்காலை. காலுறைக்குள் பத்து விரலும் எங்கே போயின என்று தெரியவில்லை.

10.20. வதனி உள்ளே கருவி மாற்றிக்கொண்டிருந்த இடைவெளியில் பக்கத்துத் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சக்கரம் வைத்த எண்ணெய் ஹீட்டர் ஒன்று சும்மா நின்றது. ஸ்விட்சைத் தொடாதே என்று வதனி சொன்னது சுவரில் இருப்பதை; இது தரையில் இருப்பது. வக்கீல் வைத்து வாதாடியதுபோல் எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, அதை உருட்டி வந்து காலடியில் வைத்துப் போட்டேன். சத்தமே இல்லை. ஐந்து நிமிஷத்தில் விரல்கள் திரும்பி வந்தன. அன்று லண்டனில் என்னைவிடச் சந்தோஷமான மனிதன் இருந்திருக்க மாட்டான்.

11.00. எழுந்து ஏணிவரை போனேன். முட்டி வேண்டாம் என்றது. மண்டபத்து ஹீட்டிங்தான் பதினெட்டில் நிற்கிறதே, மாறவா போகிறது? பதினெட்டு என்று எழுதினேன். பன்னிரண்டு மணிக்கு எழுந்திருக்கவே இல்லை. பதினெட்டு. ஒரு மணிக்கும் அப்படியே. வதனியின் ஸ்வெட்டர் உள்ளே ஒரு கைப்பிடியில் தொங்குவது தெரிந்தது. வேலை செய்கிற பிள்ளை, வேர்த்திருக்கும் என்று நினைத்தேன். சூடான காற்று மேலே போகும் என்பதை முப்பத்தொரு வருஷம் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான்.

1.05. சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது, கரன்ட் வீணாகக் கூடாது என்ற மில் பழக்கத்தில் ஹீட்டரை அணைத்துத் திரைக்குப் பின்னால் உருட்டிவிட்டேன். வதனி புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டுவந்திருந்தார். வாசல் பக்கத்து அறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ட்ரம்பெட்டில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். தான் ஒரு மண்டபத்துக்குச் சுருதி சேர்க்கிறேன் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். நாளைக்கு முடிந்த பிறகுதான் சொல்வாராம்.

2.00. காலை செய்ததை ஒருமுறை சரிபார்ப்போம் என்றார். நான் கட்டையை அமுக்கினேன். ஓங், ஓங், ஓங்.

"அடுத்தது."

அதுவும் ஓங், ஓங். அதற்கடுத்ததும். காலையில் ஒற்றைக் கோடாக நின்ற ஸ்வரங்கள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. வதனி இறங்கி வந்தார். நேராக நோட்டைப் பார்த்தார். பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. பிறகு காற்றழுத்தத்தைப் பார்க்கிற கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். தண்ணீர் மட்டம் அசையாமல் நின்றது. துருத்திகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எங்கும் ஒழுக்கு இல்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சூடு சரி. காத்துச் சரி. தோல் சரி. அப்ப என்ர காதுதான் பிழை."

நான் நோட்டை மூடி ஓரமாக வைத்தேன்.

"பன்னிரண்டு வருசம் கேட்டுக் கேட்டு எடுத்த வேலை அங்கிள். என்ர காதை நான் நம்பினன். இப்ப போன் பண்ணிச் சொல்லுறன், பழைய ஆளை அனுப்பச் சொல்லி. நாளைக்கு அந்த ஆலோசகருக்கு முன்னால பிழை விடுறதை விட இது நல்லம்." போனைக் கையில் எடுத்துவிட்டார்.

அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலடி ஓட்டை, சூடான காற்று, கைப்பிடியில் ஸ்வெட்டர். மேலே புல்லாங்குழல் வரிசைகள் சூட்டில் சுருதி ஏறி நின்றபோது வதனி ட்ரம்பெட்டை அவற்றோடு ஒழுங்காகச் சேர்த்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் சூடு இறங்கியதும் புல்லாங்குழல்கள் இறங்கிவிட்டன. ட்ரம்பெட் ஏறிய இடத்திலேயே நிற்கிறது. வதனியின் காதில் ஒரு குறையும் இல்லை. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். விளங்கிய உடனே நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பட்டறைக்காரர்களிடம் பேசட்டும், பழைய ஆள் வந்து சரிசெய்யட்டும், நான் அடுத்த வாரம் விமானம் ஏறிவிடுவேன், முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள்ளேயே கிடக்கட்டும் என்று என் மனசு ஒரு நிமிஷம் கணக்குப் போட்டது. அவ்வளவு கேவலமான கணக்கு எனக்குள் இருக்கிறது என்பதுதான் லண்டனில் நான் பார்த்ததிலேயே பெரிய அதிர்ச்சி.

"அம்மிணி, போனைக் கீழ வை" என்றேன். "உன் காது சரியாத்தான் இருக்குது. ஹீட்டர் போட்டது நாந்தான். பதினொண்ணு, பன்னெண்டு, ஒண்ணு, மூணு தடவையும் நான் ஏணி ஏறவே இல்ல. பாக்காமயே எழுதிட்டேன்."

வதனி என்னைப் பார்த்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை.

"எத்தினை மணிக்குப் போட்டனீங்கள்?"

"பத்து இருபதுக்கு."

"சரியாச் சொல்லுங்கோ."

"சரியாத்தான் சொல்றேன். கடியாரம் பாத்தேன்."

அவர் பென்சிலால் எதையோ கணக்கிட்டார். பத்து இருபதுக்கு முன் சேர்த்தவை தப்பித்தன. அதற்குப் பின் சேர்த்த ஒவ்வொரு குழாயும் மறுபடி. கையிலிருந்தது அன்றைய பிற்பகலும் மறுநாள் காலையும்தான். பிறகு கேட்டார். "ஏன் ஏறேல்லை?"

"முட்டி வலி அம்மிணி. வயசானவன்னு நெனச்சுருவியேன்னு சொல்லல."

"அதை முதலே சொல்லியிருந்தா தெர்மாமீட்டரை இறக்கி வாசிக்கிற மாதிரிக் கட்டியிருப்பனே" என்றார். எழுந்து போய், ஒரு ஆணியில் நூலைப் போட்டு, நூலை இழுத்தால் தெர்மாமீட்டர் கீழே வருகிற மாதிரி கட்டினார். மூன்று நிமிஷ வேலை.

நான் நோட்டை எடுத்து ரப்பர் தேடினேன். வதனி கையை நீட்டித் தடுத்தார்.

"இந்தப் புத்தகத்தில அழிக்கிறேல்லை. ஒரு கோடு போட்டு வெட்டிப்போட்டு, பக்கத்தில உண்மையை எழுதிப் பேரையும் வையுங்கோ. இது ஆர்கனோடயே இருக்கிறது. பிறகு வாற ஆள் ஏன் பிழைச்சதெண்டு தெரிஞ்சுகொள்ள வேணும்."

மூன்று பதினெட்டையும் வெட்டினேன். "பார்க்கவில்லை. ஹீட்டர் போட்டேன். 10.20 முதல் 1.05 வரை" என்று ஆங்கிலத்தில் எழுதி, என் பெயரை முழுசாக எழுதினேன். அதற்கு இரண்டு நிமிஷம் பிடித்தது. மெமோவில் கையெழுத்துப் போட்டபோது ஒரு நொடிக்கு மேல் எனக்கு ஆனதில்லை.

பெட்டி முழுதாக ஆறும்வரை காத்திருந்து 3.30க்குத் தொடங்கினோம். ஆறு மணிக்கு மண்டபத்தில் நடன வகுப்பு என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். பாதிகூட முடியவில்லை.

வியாழக்கிழமை. குழாய்கள் இறங்கிவிட்டதால் வேனில் எனக்கு இடம் இருந்தது. காலை ஏழுக்கே கட்டையில் கை வைத்தேன். கோட்டுக்கு மேல் வதனி கொடுத்த கம்பளி. கால் விரல்கள் பத்து நிமிஷத்தில் காணாமல் போயின. போகட்டும் என்று விட்டுவிட்டேன். மணிக்கொருமுறை நூலை இழுத்து, கண்ணாடியைத் துடைத்து, இரண்டு முறை பார்த்து எழுதினேன். பதினெட்டு. பதினெட்டு. பதினேழரை. மறுபடி பதினெட்டு. வதனியிடமிருந்து "அடுத்தது" என்ற ஒரு சொல்தான் ஆறு மணி நேரம். 1.20க்குக் கடைசிக் குழாயின் அலை நின்றது. வதனி வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மிச்சப் புட்டை நான் பிட்டுக் கொடுக்க, அவர் எழுந்திருக்காமலேயே உள்ளங்கையில் வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆலோசகர் வந்தார். உயரமான, குனிந்த கிழவர். சைக்கிளில் வந்திருந்தார். வணக்கம் சொன்னதும் ஆர்கனைப் பார்க்கவில்லை; நோட்டைக் கேட்டார். மெதுவாகப் பக்கம் புரட்டி, வெட்டிய மூன்று வரியில் விரலை வைத்து, இது யார் என்று கேட்டார். பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன். கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சில் எடுத்து என் பெயருக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைச் சிறிதாகப் போட்டார். கட்டை பிடிக்க என்னையே உட்காரச் சொன்னார்.

நாற்பது நிமிஷம். அவர் மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு ஸ்வரத்தை மூன்று முறை கேட்டார். கடைசியில் நடந்து வந்து வதனியிடம், "இனி இதைத் தொடாதீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

போச்சு, அந்தப் பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் வதனி அழுதுகொண்டே சிரிக்கிறார். "அங்கிள், எங்கட வேலையில இதுக்கு மேல ஒரு சொல்லு இல்லை. சரியா நிக்குது, அப்படியே விடுங்கோ எண்டு சொல்லுறார்" என்றார். கிழவர் அதற்குள் பலகையில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் கட்டைகளை ஒருசேரப் பிடித்துவிட்டார். மண்டபமே எழுந்து நின்றதுபோல ஒரு சத்தம். நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. வதனி வாசலுக்குப் போய் அம்மாவுக்குப் போன் செய்து, ஒன்றும் சொல்லாமல் போனை ஆர்கன் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஊருக்குத் திரும்பினேன். எங்கள் மில் மூடியபோது முப்பத்தொரு வருஷ நோட்டுகளையும் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டோம். அதிலிருந்த மெய்யும் பொய்யும் ஒரே விலைக்குப் போயின. லண்டனில் நான் எழுதிய மூன்று பொய்யும், வெட்டுப்பட்டு, என் பெயரோடு ஒரு ஆர்கனின் வயிற்றுக்குள் இருக்கின்றன. என் பேரப்பிள்ளைகள் காலத்தில் யாராவது பிரித்துப் படிப்பார்கள். அது எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கிறது.

வந்த மூன்றாம் நாள் சிங்காநல்லூருக்குப் பஸ் ஏறினேன். நான் மெமோ கொடுத்த பழனிச்சாமி அங்கே பெட்டிக்கடை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். நான் கதை முழுவதையும் சொன்னேன். நடுவில் இரண்டு பேர் வந்து பீடி வாங்கிப் போனார்கள். அவன் சிரிக்கவில்லை.

"அந்தம்மா உங்களுக்கு மெமோ குடுத்துச்சுங்களா?" என்று கேட்டான்.

"இல்ல."

"ஏன் ஏறலைன்னு கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு."

பழனிச்சாமி காலி டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தான். "எனக்கும் அன்னிக்கு முட்டி வலிதானுங்க சார்" என்றான்.

முப்பத்தொரு வருஷத்தில் அந்த தெர்மாமீட்டரைக் கொஞ்சம் கீழே இறக்கி மாட்டச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.